சிலிக்குப் போக ஒரு தகுதித் தேர்வு

பதினெட்டு வயது நிரம்பிய எவரும் தன் பெயரில் பாஸ்போர்ட் கேட்டு விண்ணப்பிக்கலாம். மணமான பெண் என்றால் கணவரின் சம்மதம் வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. திருமணச் சான்றிதழைக்கூட இப்போது கேட்பதில்லை. போகப்போகிற நாட்டின் தலைநகரம் எது, அங்கே எந்தக் காசு செல்லும், எத்தனை ஆறு ஓடுகிறது என்றெல்லாம் விண்ணப்பதாரரை விசாரிக்க எந்த அதிகாரிக்கும் அதிகாரம் கிடையாது. வட்டாட்சியர் அலுவலகங்களிலேயே காலம் தள்ளி, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அரசாங்கம் இவ்வளவு பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்திருந்த இடத்தில்தான் என் பக்கத்து வீட்டுக்காரர் தனியாக ஒரு தேர்வாணையம் நடத்திக்கொண்டிருந்தார். தேர்வு எழுதியவர் அவருடைய மனைவி. விண்ணப்பம் ஒன்றுதான். காலியிடம்தான் இல்லை.

ஆயிரம் வருடங்களுக்கு முன்பே, சபைக்கு நிற்பவனுக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். அந்தக் கல்வெட்டை உள்ளூரில் முழுதாகப் படித்தவர்கள் குறைவு. அவர் படித்திருந்தார். தகுதி இழக்கும் பகுதியை மனப்பாடமாகச் சொல்வார்.

ஏரிப் பாசனத்தில் நல்ல நிலம், வாசலில் ஒரு வேன், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஏலக்காய். யார் எதைக் கேட்டு வந்தாலும் ஒரு ஏலக்காயை எடுத்து வாயில் போட்டுக் கடிப்பார். அந்தச் சத்தம் கேட்டால் தேர்வு ஆரம்பம் என்று பொருள். “கேட்டதுக்குப் பதில் சொல்லு, அப்பால பாக்கலாம்” என்பார். இல்லை என்று அவர் யாருக்கும் சொன்னதில்லை. அதற்கு அவசியமே வராது. எந்த மனிதனையும் நாலு கேள்விக்குள் பதில் தெரியாதவனாக ஆக்கிவிட முடியும். பதில் தெரியாதவன் தானாகவே திரும்பிப் போய்விடுவான்.

வாலிபத்தில் அவரும் நானும் ஒரே அரசுத் தேர்வை எழுதினோம். நான் தேறினேன். அவர் மறுபடி எழுதினார், மறுபடியும் எழுதினார், பிறகு வயது வரம்பு தாண்டிவிட்டது. கேள்வி கேட்டவர்களை அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மிச்ச வாழ்நாள் முழுவதும், பதில் தெரியாதவர்களை உற்பத்தி செய்தார்.

ஒரு நடவுக் காலத்தில் அவரிடம் கூலிக்கு இருந்த ஆள், காலனியிலிருந்து ஓடி வந்தார். நான் அப்போது அவர் வீட்டு வராந்தாவில் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

“நைனா, மருமவளுக்கு நோவு கண்டுட்ச்சி. வேன குடுத்தீங்கன்னா செங்கல்பட்டு போயிடுவோம்.”

ஏலக்காய் கடிபட்டது.

“செங்கல்பட்டுல எந்த வாசல்ல எறக்குவ?”

“ஆஸ்பத்திரி வாசல்ல நைனா.”

“அங்க வாசல் ஒண்ணா கீது? பிரசவ வார்டு எத்தினியாவது மாடி?”

“கேட்டுக்கினு போறேன் நைனா.”

“யாரக் கேப்ப? ராத்திரி ட்யூட்டி டாக்டரு ஆம்பளயா பொம்பளயா?”

அந்த மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். பிறகு போய்விட்டார். பஸ் நிலையத்தில் ஒரு ஷேர் ஆட்டோ பிடித்தார்கள். குழந்தை வழியிலேயே ஆட்டோவில் பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் திருப்தியோடு சொன்னார்: “பாத்தீங்களா தாசில்தாரே, ஆஸ்பத்திரியே தேவப்படல.”

என் பதவியில் இருந்த ‘துணை’யை அவர் எப்போதும் சொல்ல மாட்டார். மரியாதை என்று வெளியாட்கள் நினைப்பார்கள்.

அவருடைய தேர்வில் தேறியது ஒரே ஒருத்தி. அவருடைய மகள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த பெண்ணுக்கு, சுரங்கக் கம்பெனி ஒன்றின் வேலையாகச் சிலிக்குப் போக வாய்ப்பு வந்தது. சிலி என்றால் எங்கே என்று அப்போது தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஒரு வாரம் அவகாசம் வாங்கிக்கொண்டு படித்தார். உலகப்படம் ஒன்றை வாங்கி வந்து கூடத்துச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டினார். பிறகு மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். செம்பு எங்கே வெட்டுகிறார்கள், பாலைவனத்தில் கடைசியாக எப்போது மழை பெய்தது, ஸ்பானிஷ் மொழியில் ஒன்றிலிருந்து நூறு. அவருக்குக் கேள்வி தீர்ந்துபோனது. தீர்ந்ததை ஒப்புக்கொள்ள முடியாமல், ஏலக்காய் அடுத்தது, அதற்கு அடுத்தது என்று கடித்துக்கொண்டே இருந்தார். அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவளுக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தது நான்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அதை விரித்து எழுதினால் அப்பாவின் பெயர். அதுதான் அந்தக் கட்டத்தில் போய் உட்காரும். ஆகவே சிலியில் அவளை அலுவலகத்திலும் வங்கியிலும் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். இது தெரிந்த அன்று அவர் என் வீட்டுக்கே வந்து சொன்னார். “என் பேரச் சொல்லித்தான் அவளக் கூப்புடறான், தாசில்தாரே. எவ்ளோ தூரத்துல.” கேள்வி எதுவும் கேட்காமல் அவர் என் வீடு தேடி வந்து பேசியது அந்த ஒரு தடவைதான்.

பிறகு அவள் அங்கேயே, உடன் வேலை செய்த சிலிக்காரன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். போனில் படம் தெரிய மாப்பிள்ளையைக் காட்டினாள். இவர் நேராக உட்கார்ந்து, “உங்க நாட்டுல ஏரி எத்தினி?” என்றார். மகள் மொழிபெயர்த்தாள். பையன் வாய் விட்டுச் சிரித்து, தெரியாது என்றான். அவ்வளவுதான். தன் நாட்டு ஏரிக் கணக்குத் தெரியாதவனோடு என்ன பேச்சு என்று எழுந்து போனவர், அதற்குப் பிறகு போன் முன்னால் உட்காரவே இல்லை. மகள் கூப்பிடும் நேரத்தில் பக்கத்து அறையில் டிவிச் சத்தத்தைக் கூட்டி வைப்பார்.

மகள் உண்டானதும் அவர் மனைவி சிலிக்குப் போக வேண்டும் என்றார். தலைப் பிரசவம் தாய் வீட்டில் நடக்க வேண்டும். மகள் வர முடியாத இடத்தில் இருந்தால் தாய்தான் போக வேண்டும். அந்த அம்மாள் கேட்டது இவ்வளவுதான். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவர். கணவர் எதிரில் சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. முதல் நாள் உலகப்படத்தின் முன்னால் நின்று என்னிடம், “இன்னாண்ணா இது, நாடுன்றாங்க, வரப்பு மாதிரி கீது” என்றார்.

“வரப்புன்னு சொன்னா மைனஸ் மார்க்” என்றார் கணவர், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

தேர்வு தினமும் சாயங்காலக் காபிக்குப் பிறகு.

“தலநகரம்?”

“சாண்டியாகோ.”

“பார்லிமெண்டு எங்க கூடுது?”

“அதான், சாண்டியாகோவுல.”

“தப்பு. வால்பரைசோ. தலநகரத்துல பார்லிமெண்டு இல்லாத நாடு. இதுகூட தெரியாம போய் இன்னா பண்ணுவ?”

“நான் பார்லிமெண்டுக்கா போறேங்க? புள்ளைக்குப் பத்தியச் சோறு ஆக்கிப் போடப் போறேன்.”

“பூண்டு, சுக்கு எல்லாம் எடுத்துக்கினு போவ. ஏர்போர்ட்லயே புடிச்சி வெச்சிக்குவான். அந்த நாட்டுச் சட்டம் தெரியுமா ஒனக்கு?”

சட்டம் அப்படி இருப்பது உண்மைதான். என்ன கொண்டுபோகிறோம் என்று முன்னதாக எழுதிக் கொடுத்துவிட்டால் குற்றம் இல்லை, ஆகாததை எடுத்து வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள் என்பதும் உண்மை. இரண்டாவதை நான்தான் சொன்னேன். அவர் என் காபி டம்ளரைப் பார்த்து, “ஆறிடப் போவுது” என்றார்.

அந்த அம்மாள் படித்தார். அடுப்படியில் பருப்பு வேகும்போது வால்பரைசோ, துணி துவைக்கும்போது அடகாமா, கடைக்குப் போகும் வழியில் பெசோ. காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே பாதி மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனால் மகளிடம் ஒரு தடவை ஏமாந்த மனிதர், இந்தத் தடவை பாடத்திட்டத்துக்கு எல்லை வைக்கவில்லை. அந்த அம்மாள் தலைநகரத்தைச் சொன்னால் இவர் தீவுக்குப் போவார். தீவைச் சொன்னால் எரிமலை. எரிமலையைச் சொன்னால் அது எந்த மாகாணம். பாதி பதிலுக்கு மார்க் இல்லை என்பார்.

குழந்தை போன வருடம் தை பிறந்ததும் பிறந்தது. அறுவை செய்து எடுத்தார்கள். மாப்பிள்ளை சுரங்கத்தில் ஷிப்டில் இருந்தான். மயக்கம் தெளிந்த மகள் போனில் அம்மா என்று கூப்பிட்டு அழுதது எங்கள் வீட்டுக்குக் கேட்டது. அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவர் முன்னால் வந்து நின்றார்.

“இப்பவாவது அனுப்புங்க.”

ஏலக்காய்.

“அங்க இப்ப மணி இன்னா?”

அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். விரலை மடக்கினார். “ஒம்பதரை மணி நேரம் பின்னால... அப்ப...”

“தப்பு. எட்டரை. அங்க இப்ப வெயில் காலம், கடியாரத்த மாத்தி வெச்சிருப்பான். மணிகூட பாக்கத் தெரியாதவ.”

சில நாள் கழித்து அந்த அம்மாள் பின்வாசல் வழியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் கிண்ணம் எதுவும் இல்லை. இரவல் வாங்கவும் வரவில்லை.

“ண்ணா, ஆம்பள கையெழுத்து இல்லாம பாஸ்போர்ட் குடுப்பாங்களா?”

“குடுப்பாங்க.”

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.

ஏனாத்தூர் கல்லூரியில் உறவுக்காரப் பெண்ணுக்குப் பட்டமளிப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டு, காஞ்சிபுரம் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போய்க் கைரேகையும் படமும் கொடுத்துவிட்டு வந்தோம். என் மனைவியும் கூட வந்தாள். அவருக்கு விஷயம் தெரிந்தது, விசாரணைக்குப் போலீஸ்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றபோது. நான் சுவர் ஓரம் முருங்கைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். விட வேண்டியதற்கு மேலேயே விட்டேன்.

“இன்னா விசாரிக்கணும்?” என்றார் அவர்.

“அம்மா இந்த வூட்லதான் கீறாங்களா, கேஸு கீஸு எதுனா கீதா, அவ்ளோதான் சார்.”

“சிலி எங்க கீதுன்னு அவளக் கேளு.”

“எனக்கே தெரியாது சார்.”

“தெரியாதவன் இன்னாத்த விசாரிப்ப?”

போலீஸ்காரர் அனுபவசாலி. “அதுக்குக் கட்டம் இல்ல சார்” என்று சொல்லி எழுதிக்கொண்டு போய்விட்டார். இவர் சுவருக்கு வந்தார்.

“பத்தாவது படிக்காதவ. வெளிநாடு போவ தனி அனுமதி வேணும்னு பாஸ்போர்ட்ல முத்திர குத்துவான். ஏர்போர்ட்ல நிறுத்திடுவான். இது தெரியுமா ஒங்களுக்கு?”

“அந்த முத்திரை வேலைக்குப் போறவங்களுக்கு. அதுவும் சில நாட்டுக்குத்தான், சிலி அதுல இல்ல. அம்பது வயசு தாண்டினவங்களுக்கு முத்திரையே கிடையாது.”

“எல்லாம் தெரிஞ்சவரு.”

“தேறினவன்தானே நான்” என்றேன்.

அவர் பைக்குள் விட்ட கை அங்கேயே நின்றது. ஏலக்காய் வெளியே வரவில்லை. அதன் பிறகு என்னோடு பேச்சு நின்றுபோனது. எனக்கு அதில் நஷ்டம் எதுவும் இல்லை.

மகள் அழைப்புக் கடிதம் அனுப்பினாள். ஆடி மாதம் விசாவும் வந்தது, மகள் டிக்கெட்டும் போட்டாள். இரண்டு அரசாங்கங்களும் சம்மதித்துவிட்டன. ஆவணியில் அவர் மோட்டார் கொட்டகையில் விழுந்தார். வலது கையும் காலும் போயின, பேச்சும் போனது. மூன்று விமானம் மாறிப் போகும் அந்த டிக்கெட்டை மகளே ரத்து செய்தாள். மனைவியை அனுப்பாமல் இருக்க மனிதர் இவ்வளவு தூரம் போவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பேச்சுப் பயிற்சிக்குக் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். சின்ன வயது, வேலையில் கெட்டி.

“கேள்வி கேட்டுக்கினே இருங்கம்மா. அவருக்கு நல்லா தெரிஞ்ச விஷயமா கேளுங்க. பதில் வர வரிக்கும் விடாதீங்க. சாப்பாட்டு வேளையில கேட்டா நல்லா வரும்.”

“நல்லா தெரிஞ்ச விஷயம்னா...” என்று அந்த அம்மாள் யோசித்தார். “சிலி தெரியும் அவருக்கு.”

கட்டிலை உலகப்படத்துக்கு எதிரே திருப்பிப் போட்டார்கள். ஒரு மத்தியானம் நான் பார்க்கப் போனபோது கஞ்சி வேளை. அந்த அம்மாள் ஸ்பூனை அவர் வாய்க்கு எட்டாத தூரத்தில் பிடித்திருந்தார்.

“தலநகரம் சொல்லுங்க.”

அவர் வாய் கோணிக்கொண்டது. கழுத்து நரம்பு எழுந்தது. “சா... சா...”

“சாவா? முழுசா சொல்லுங்க.”

“சாண்... டி...”

“உம்.”

“...கோ.”

ஸ்பூன் உள்ளே போனது. “பார்லிமெண்டு எங்க கூடுது?” கஞ்சி ஆடை கட்டிக்கொண்டிருந்தது. அவர் கண் என் பக்கம் திரும்பியது. உதவி கேட்ட கண். நான் சிலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரப்பு மாதிரிதான் இருந்தது.

வைத்தியம் பலித்தது என்று சொல்ல வேண்டும். கார்த்திகைக்குள் இரண்டு மூன்று வார்த்தை சேர்ந்தாற்போல் வந்தது. மார்கழியில் அந்த அம்மாள் மறுபடி பின்வாசலில் வந்து நின்றார். பேத்திக்கு முதல் பிறந்தநாள் வருகிறது, மகள் மறுபடி டிக்கெட் போட்டுவிட்டாள், போகியன்று காலை கிளம்ப வேண்டும், பார்த்துக்கொள்ளப் பழையசீவரத்திலிருந்து ஒரு நர்ஸ் பெண் வருகிறாள் என்றார். பிறகு, கேட்காமலே ஒன்று சொன்னார்.

“ண்ணா, அங்க கொயந்தைக்கு அப்பன் வூட்டுப் பேரு ஒண்ணு, ஆத்தா வூட்டுப் பேரு ஒண்ணு, ரெண்டும் சேத்து வெப்பாங்களாம். எமிலியா ரோஹாஸ், அப்பால இவரு பேரு.”

மாப்பிள்ளையின் குடும்பப் பெயர் ரோஹாஸ். மகளின் குடும்பப் பெயர் என்று சிலி அரசாங்கம் எடுத்துக்கொண்டது, நான் அன்று பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் விரித்து எழுதிய இனிஷியலை. ஆக, பூமியின் அந்தக் கோடியில், மழையே பெய்யாத ஒரு கடற்கரை ஊரில், இவர் பெயரைக் கடைசியில் சுமந்துகொண்டு ஒரு பெண் குழந்தை தவழ்கிறது.

“அவருக்குத் தெரியுமா?” என்றேன்.

“அவரு கேக்கல.”

“நீங்க சொல்லலியா?”

“கேட்டாதான பதில் சொல்லணும் எங்க வூட்ல.”

போகியன்று காலை தெருவெல்லாம் பழைய பாய் எரிந்த புகை. டாக்சி வாசலில் நின்றது. நானும் என் மனைவியும் வழியனுப்பப் போயிருந்தோம். அந்த அம்மாள் புதுச் சேலையில், தோள் பையோடு, கட்டில் ஓரம் நின்றார். அவர் இடது கையால் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார்.

“போ... வாத.”

நர்ஸ் பெண் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்த அம்மாள் தலைப்பை விடுவிக்கவில்லை. அப்படியே குனிந்தார்.

“சரி, போவல. ஒரே ஒரு கேள்வி. பதில் சொல்லு, டாக்சியத் திருப்பி அனுப்பிடறேன்.” கணவரை அவர் ‘நீ’ என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல். “ஒன் பேத்தி பேரு இன்னா?”

“எமி... லியா.” டிவிச் சத்தத்தைத் தாண்டி அது அவர் காதில் விழுந்துதான் இருந்தது.

“முழுப் பேரு.”

“ரோ... ஹாஸ்.”

“இன்னும் ஒண்ணு கீது.”

அவர் படத்தைப் பார்த்தார். மேலிருந்து கீழே, பாலைவனத்திலிருந்து பனிக்கட்டி வரை பார்த்தார். ஆறு, தீவு, எரிமலை எல்லாம் அவருக்கு அங்கே தெரிந்திருக்கும். என்னைப் பார்த்தார். விடை எனக்குத் தெரியும் என்பது அவருக்குப் புரிந்தது. தேர்வு நடக்கும் இடத்தில் மூன்றாம் மனிதர் வாய் திறக்கக் கூடாது. டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார்.

“தெர்... ல.”

“பாதி பதிலுக்கு மார்க் இல்ல. நீங்க சொன்னதுதான்” என்றார் அந்த அம்மாள். மரியாதை திரும்பி வந்துவிட்டிருந்தது. தலைப்பிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போர்வை மேல் வைத்துவிட்டு, வெளியே போய் வண்டியில் ஏறினார்.

பொங்கல் போனது, மாட்டுப் பொங்கலும் வந்தது. அந்த அம்மாள் போய்ச் சேர்ந்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் மனைவிக்குப் படம் அனுப்பினார். சத்தமாகச் சிரிக்கிற முகம். அதற்கு மறுநாள் காலை நர்ஸ் பெண் சுவர் அருகே வந்து கூப்பிட்டாள்.

“சார், கொஞ்சம் வந்து பாருங்க. தாத்தா விடிஞ்சதுலர்ந்து அவரு பேரையே அவரு சொல்லிக்கினு கீறாரு. நெனவு தப்பிப் போச்சான்னு பயமா கீது.”

போனேன். கஞ்சி தொடாமல் இருந்தது. கண் உலகப்படத்தின் மேல் இருந்தது. என்னைக் கண்டதும் இன்னொரு தடவை சொன்னார். திக்காமல், கோணாமல், ஒரே மூச்சில், தன் பெயரை.

“நினைவு தப்பல” என்றேன் அந்தப் பெண்ணிடம். “சரியான பதில்தான்.”

அவர் முகத்தின் நல்ல பாதி மலர்ந்தது.

“அப்ப... அவ... போவல?”

அரசு அலுவலகங்களில் இதற்கு ஒரு நடைமுறை உண்டு. கடைசித் தேதிக்குப் பிறகு வரும் பதிலைப் பரிசீலிக்கத் தேவையில்லை. வந்த தேதியை மட்டும் குறித்து வைத்தால் போதும்.

காணும் பொங்கல்.